கம்ப்யூட்டருக்கு நசுக்கிய எலுமிச்சம்பழம்

அரிமளம் கடைவீதியில் அழைப்பிதழ் அடித்துத் தரும் அடைக்கலத்துக்கு, கம்ப்யூட்டரில் என்ன கோளாறு வந்தாலும் ஒரே பெயர்தான்: வைரஸ். மெதுவாக ஓடினால் வைரஸ், எலி வயரைக் கடித்தாலும் வைரஸ். மனுஷன் தங்கமானவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் பேச்சும் காதில் ஏறாது.

ஆயுதபூஜை முடிந்த நாலாம் நாள், அலமேலு ஆச்சி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை திரையில் பாதி திறந்து நின்றுவிட்டது. உள்ளே டக், டக் என்று சத்தம். பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று ஆச்சியின் இரண்டு பங்காளி வீடுகளும் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு நின்று, முந்தின நாள் சாயங்காலம்தான் இதே திரைக்கு முன்னால் உட்கார்ந்து நாற்பத்தாறு பெயர்களுக்கும் வரிசை பேசி முடித்திருந்தார்கள். பழைய படிகளை அங்கேயே கிழித்தும் போட்டாயிற்று. அந்த வரிசை இப்போது இந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது.

"மாப்பிள்ளையோட தம்பி கொண்டாந்த பென் டிரைவுதாங்க ஆச்சி. வைரசை எறக்கி விட்டுட்டாரு," என்று போனில் சொல்லிவிட்டார். ஆச்சி அதை அப்படியே சம்பந்தி வீட்டில் கொட்டினார். அதிலிருந்து அவர்கள் ஆச்சியின் போனை எடுப்பதில்லை.

வைரஸ் தேடும் புரோகிராமை ஏழு முறை ஓட்டினார் அடைக்கலம். ஏழு முறையும் ஒன்றுமில்லை என்றது. கெட்டிக்கார வைரஸ் போலிருக்கிறது என்று எட்டாவது முறைக்குக் கை வைத்தபோது, புதுக்கோட்டையிலிருந்து ரிப்பேர் பார்க்கும் ரஞ்சிதா வந்து சேர்ந்தார்.

"நிறுத்துங்கண்ணே! வைரசு இப்படியா சத்தம் போடும்? டிஸ்க் அடிபட்டுருக்கு. நீங்க தேடத் தேட அதுக்குத்தான் உசுரு போகுது."

டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, மற்றதை விட்டுவிட்டுப் பத்திரிகையை முதலில் நகல் எடுத்தார். மூன்று முறை நின்று நின்று, ஒருவழியாக வந்தது. நாற்பத்தாறு பெயரும் இருந்தன. பென் டிரைவையும் சோதித்தார், சுத்தமாக இருந்தது.

"பெட்டியக் கீழ போட்டீங்களா?"

"சேச்சே!" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "ஆயுதபூஜையன்னைக்கி வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குனேன். இதுவும் நமக்குச் சோறு போடுறதுதானேன்னு, இதுக்கும் அடியில ஒண்ணு வச்சு…"

"வச்சு?"

"தூக்கித் தொப்புன்னு வச்சேன். நசுங்கல. இன்னொருதரம் கொஞ்சம் அழுத்தி."

"கம்ப்யூட்டர் அப்ப ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"வண்டிய ஓட்டித்தானேம்மா நசுக்குறோம்?"

ரஞ்சிதா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குள் ஆச்சியே கடைக்கு வந்துவிட்டார். பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பய ஏத்திவிட்ட வைரஸ் போயிருச்சா அடைக்கலம்?"

தலையாட்டியிருந்தால் போதும். ரஞ்சிதாவும் தன் பாட்டுக்கு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அடைக்கலத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் போனிலிருந்தே மாப்பிள்ளையின் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, அரிமளம் அடைக்கலம் பேசுறேங்க. ஒங்க பென் டிரைவுல ஒண்ணுமில்லைங்க. ஆச்சி மேலயும் தப்பில்ல. வைரஸ் நான்தாங்க."