மாப்பிள்ளை கக்கூஸும் கிழட்டுப் பூனையும்

எங்கள் வீட்டுக் கக்கூஸ் அக்கா புருஷனுக்காகக் கட்டப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கக்கூஸ். அக்காவை மெட்ராஸில் கொடுத்திருந்தோம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வர வேண்டுமானால் வீட்டில் வசதி இருக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் தரகரிடம் நாசூக்காகச் சொல்லி அனுப்பினார்கள். நாசூக்கெல்லாம் நைனாவுக்குப் புரியாது. என்ன வசதி என்று தரகரையே திருப்பிக் கேட்டார். பதில் வந்த மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்தார்.

வேலை முடிந்ததும் தகரக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார். சாமி கும்பிடாத குறைதான். மாப்பிள்ளை வந்தார், தீபாவளி முடியும்வரை இருந்தார், வசதியைப் பயன்படுத்தினார், போனார். அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய கையோடு நைனா கக்கூஸைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். நாமெல்லாம் போனால் தொட்டி ரொம்பிவிடும், பொங்கலுக்கு மாப்பிள்ளை வரும்போது எங்கே போவார் என்பது அவர் கணக்கு. அது தவிர, சோறு தின்கிற வீட்டிலேயே உட்கார்ந்து போவதை நினைத்தாலே அவருக்குக் குமட்டியது. மாப்பிள்ளை போனதை நினைத்து மட்டும் குமட்டவில்லை. மாப்பிள்ளை மெட்ராஸ்காரர் இல்லையா.

ஆகவே நானும் அம்மாவும் பழையபடி கோட்டை மதிலுக்குத்தான் போனோம். ராஜாக்கள் அந்த மதிலை யாருக்குப் பயந்து கட்டினார்களோ தெரியாது. எங்கள் தெருப் பெண்களைக் கேட்டால் மறைவுக்காகக் கட்டினது என்றுதான் சொல்வார்கள். விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை. நடுவில் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். லீவு நாட்களில் கோட்டை பார்க்க வெளியூர் ஆட்கள் கேமராவோடு வந்துவிட்டால் அதுவும் போச்சு. நைனாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நல்ல வெயிலில் கையில் சொம்பு, வாயில் பீடி, கூட அரசியல் பேச இரண்டு பேர் என்று ஊர்வலம் போய்வருவார்.

இந்த வீட்டில்தான் எங்கள் பூனையும் கிழமாகிக்கொண்டிருந்தது. அக்கா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் வந்த கடுவன். பெரிய தலை, சண்டையில் கிழிந்த ஒரு காது. அதன் கக்கூஸ் பக்கத்து வீட்டில் இருந்தது. அவர்கள் வீடு கட்டப் போகிறோம் என்று மணல் கொட்டி, கட்டாமலே வருஷக்கணக்காக வைத்திருந்தார்கள். பூனை ஒரே தாவில் மதில் சுவரில் ஏறி, அந்தப் பக்கம் குதித்து, குழி பறித்து, மலையைப் பார்த்தபடி தாசில்தார் மாதிரி கம்பீரமாக உட்காரும். முடித்ததும் மூடிவிட்டு வரும். எங்கள் வீட்டிலேயே ஒழுங்காகக் கக்கூஸ் போகிற ஜென்மம் அது ஒன்றுதான் என்று அம்மா சொல்வாள்.

அக்கா கல்யாணமாகிப் போன பிறகுதான் அதன் புத்தி மாறியது. முதலில் கோணிச் சாக்கின் மேல் போயிற்று. அப்புறம் அரிசி புடைக்கிற முறத்தில். அப்புறம் நைனாவின் செருப்பில். போகும்போது வெகுநேரம் குந்திக்கொண்டு முனகும், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதட்டினால் நகர்ந்து போய் வேறு இடத்தில் குந்தும். நாங்கள் எல்லோரும் அது வஞ்சம் தீர்க்கிறது என்று முடிவுகட்டினோம். அக்காவை அனுப்பிவிட்ட கோபம் என்றேன் நான். மாப்பிள்ளைக்கு மட்டும் கோழி அடித்துப் போட்ட கோபம் என்றார் நைனா. பூனைக்கு எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெரிய காரணம் எல்லாம் கற்பித்தோம். அது நொண்டி நொண்டி நடந்ததை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

நைனா மல்லாக்கொட்டை வியாபாரி, வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். மார்கழியில் ஒரு நாள் சாம்பிளுக்கென்று கூடையிலிருந்து ஒரு கை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு மண்டிக்குப் போனார். வாங்க வந்தவர் ஒன்றை உடைத்து மோந்து பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார். பயிருக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டார். கூட்டத்தில் ஒருத்தன் இது மருந்து இல்லை, பூனை மூத்திரம் என்று கண்டுபிடித்துச் சொல்ல, மண்டியே சிரித்தது. வீட்டுக்கு வந்த நைனா பூனையைத் தேடினார். அது கிடைக்காதது அதன் நல்ல நேரம்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் சுத்தம் செய்வதற்காகக் கக்கூஸ் பூட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். பீங்கான் கோப்பையின் இரண்டு பக்கமும் கால் வைக்கிற இடத்தில் காய்ந்ததும் காயாததுமாகப் பூனையின் கைங்கரியம். மூலையில் அதுவே உட்கார்ந்திருந்தது. தகரக் கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் உயரச் சந்து. இளைத்துப்போயிருந்த பூனைக்கு அது போதும். மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக அந்தக் கக்கூஸைப் பயன்படுத்திய பெருமை கடைசியில் பூனைக்குப் போனது.

நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் பயமில்லை. மறுநாள் மத்தியானம் பூனையைச் சாக்கில் கட்டி, அனந்தபுரம் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சந்தையில் விட்டுவிடுவதாக நிதானமாகச் சொன்னார். சந்தை நாய்களை எனக்குத் தெரியும். அந்தக் கிழட்டுப் பூனை அங்கே ஒரு பொழுது தாங்காது. நான் அழுதேன். அம்மா அழவில்லை. காலையில் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து மேலே முறத்தைக் கவிழ்த்துக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

முன்னால் மாடுகள், பின்னால் ஆடுகள், நடுவில் நாங்கள். பூனைக்கெல்லாமா வைத்தியம் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் முதலில் சிரித்தார். பிறகு அதன் பின்னங்கால்களை மடக்கிப் பார்த்தார். அடிவயிற்றை அமுக்கினார். அது ஈனமாகக் கத்தியது. அவர் சிரிப்பு போய்விட்டது. மூட்டு தேய்ந்துவிட்டது, அதனால் சுவர் ஏற முடியவில்லை, போக இடமில்லாமல் அடக்கி அடக்கி வைத்து மூத்திரப்பையில் புண் வந்திருக்கிறது என்றார். வயசான பூனை இடம் மாறிப் போனால் அது திமிர் இல்லை, எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தமாம். மாத்திரை கொடுத்தார். படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே விளிம்பு தாழ்ந்த பேசினில் மணல் வைக்கச் சொன்னார். மீன் கழுவிய தண்ணீரோ எதுவோ, நிறையக் குடிக்க வைக்கச் சொன்னார். அப்படிச் செய்ததில் அது இன்னும் இரண்டு பொங்கல் பார்த்தது.

எழுந்திருக்கும்போது அம்மா டாக்டரிடம், அடக்கி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். எரிச்சல் வரும், காய்ச்சல் வரும், விட்டால் கிட்னிக்கே போகும் என்றார் அவர். மாட்டுக்கும் அப்படித்தானா என்று கேட்டாள். எல்லா உயிருக்கும் அப்படித்தான் என்றார். அம்மாவுக்கு மாட்டு மேல் என்ன திடீர் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். பதினாறு வயதில் எனக்கு அவ்வளவுதான் அறிவு.

நாங்கள் வீடு திரும்பியபோது நைனா சாக்கும் கயிறுமாக வாசலில் தயாராக நின்றார். அம்மா கூடையைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். நைனா கேட்டுவிட்டு, நோவு வந்தால் அதற்கு மாப்பிள்ளை கக்கூஸ்தான் கிடைத்ததா என்றார்.

"அதுக்குப் போவ எடம் இல்ல, பூந்துடுச்சி" என்றாள் அம்மா. "எனக்கும்தான் எடம் இல்ல. மூணு வருஷமா எரியுது. விடிஞ்சா பொழுது சாயற வரைக்கும் அடக்கினு கெடக்கறேன். நானும் கதவுக்கு அடியில பூந்து போவணுமா?"

நைனாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று முனகினார். இதையெல்லாம் எந்தப் பொம்பளை சொல்வாள் என்று அவருக்கே உடனே தோன்றியிருக்க வேண்டும், குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை, பழக்க தோஷம். எல்லோரும் போனால் தொட்டி ரொம்பிவிடுமே என்றார்.

"ரொம்பட்டும். ரொம்பிச்சின்னா மாப்பிள்ளைய சொம்பு குடுத்துக் கோட்டைக்கு அனுப்புங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. நைனா சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தார். வாளியில் தண்ணீர் மொண்டு உள்ளே வைத்தார். அவர் அம்மாவுக்குத் தண்ணீர் மொண்டு வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் தெருவுக்குப் போய்விட்டார்.

உச்சி வெயில். அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கோட்டை மதிலில் நின்ற பழக்கத்தில் நான் வெளியே காவலுக்கு நின்றேன். யாருக்குக் காவல், எதற்குக் காவல் என்று அப்புறம்தான் உறைத்தது. ஆனாலும் நின்றேன். நெடுநேரம் கழித்து வந்தாள். கால் கழுவினாள். நேராக அடுப்படிக்குப் போய், பானையில் சொம்பை முக்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. இத்தனை வருஷத்தில் அம்மா பட்டப்பகலில் ஒரு முழுச் சொம்புத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. நாக்கை நனைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அவளுக்குத் தாகமே எடுக்காது என்று நினைத்திருந்தேன்.

மறுபடியும் சொம்பை முக்கினாள். இந்தத் தடவை என்னிடம் நீட்டினாள்.

"நீயும் குடி" என்றாள்.