மொட்டைக்குச் சொன்ன காரணம்

நகரியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "மலைக்குப் போய்க்கினு வந்தியா?" என்றுதான் கேட்பார்கள். சுந்தரிக்கு அந்தக் கேள்வியே வழிகாட்டியது. மார்பில் கட்டி வந்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, "ஆமா, கீர்த்தி கல்யாணம் கூடி வரணும்னு வேண்டிக்கினேன்" என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

உண்மை தெரிந்தவர் அவள் கணவர் தணிகாசலம் மட்டும். ஸ்ரீ சிட்டி கம்பெனியொன்றில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த மகள் கீர்த்திக்குக்கூடத் தெரியாது. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நூலைத் தாராகச் சுற்றிச் சுற்றி, அந்த வீட்டின் முதல் பட்டதாரியாகச் சுந்தரி ஆக்கிய பெண். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் அவளை யார் எடுப்பார்கள்?

மருந்து ஏற்றும் அறையில் பக்கத்துக் கட்டில் சுந்தராம்பாளுடையது. சத்தியவேட்டுக்காரி, நெல் விவசாயம். சுந்தரியின் பொய்யைக் கேட்டுவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டீ, மாசா மாசம் மலைக்குப் போறவ வெறுங்கையோடவா வூட்டுக்குப் போவ? சொல்றதுதான் சொல்ற, கையில லட்டோட போய்ச் சொல்லு."

அவள் மகன் தமிழ்வேந்தன் மலைமேல் ஓட்டலில் வேலை செய்தான். அதன்பின் ஒவ்வொரு முறையும் அவன் கொண்டுவந்த லட்டு சுந்தரியின் பைக்குள் போனது. அவள் அதைத் தெருவில் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள்.

"நீ மட்டும் எல்லாருக்கும் சொல்லிட்டியேக்கா, பயமா இல்லியா?" என்று ஒருநாள் சுந்தரி கேட்டாள்.

"எனக்கு இன்னா, பெத்தது பையனாச்சே" என்று சுந்தராம்பாள் சிரித்தாள்.

புத்தூரிலிருந்து வரன் அமைந்தது. கடைசி மருந்து ஏறிய அன்று சுந்தரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, கல்யாணம் முடியற வரைக்கும் போன் பண்ணாத. முடிஞ்சதும் நானே வர்றேன்."

"வராட்டியும் போ. பாயசத்த மட்டும் குடுத்தனுப்பு."

நிச்சயமும் நடந்தது. தலையில் முடி அரும்பத் தொடங்கியிருந்த நாளில் கீர்த்தி போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம திருப்பதில ஒரு ஓட்டம்மா. கம்பெனில ஃபேமிலியோட வரச் சொல்லிக்கீறாங்க. புத்தூர் அத்தையும் வர்றாங்க. நடந்தாக்கூட போதும்."

"இன்னாத்துக்குடீ ஓட்டம்?"

"கேன்சர் வந்தவங்களுக்கு உதவி பண்ணத்தான்."

சுந்தரி போகாமலிருக்க ஒரு காரணம் தேடினாள். தேடிய காரணம் ஒவ்வொன்றும் இன்னொரு கேள்வியைக் கிளப்பும் போலிருந்தது. போனாள்.

மைதானத்தில் எல்லாருக்கும் வெள்ளை பனியன் கொடுத்தார்கள். நோய் வந்து சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும் மஞ்சள். சுந்தரி புடவைக்கு மேலேயே வெள்ளையை மாட்டிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் பிரைஸ் ஒங்களுக்குத்தான். தலையில காத்தே தடுக்காது!" என்றாள் கீர்த்தியின் தோழி மோனிகா.

"சும்மா கெட" என்று வருங்காலச் சம்பந்தி இந்திராணி அவளை அதட்டினாள். "அந்த மொட்டையாலதான் எம் புள்ளைக்கு இந்த மகாலச்சுமி கெடச்சிக்கீறா."

கீர்த்தியும் மோனிகாவும் ஓட, பெரியவர்கள் இருவரும் மலையைப் பார்த்தபடி பின்னால் நடந்தார்கள். முன்னே மஞ்சள் பனியன்கள் கூட்டமாகப் போயின. ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இந்திராணி குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம் சம்மந்தி. இதுங்க வூட்ல பொண்ணு குடுக்கறது, எடுக்கறதெல்லாம் எப்பிடி நடக்குமோ."

சுந்தரி "ம்" என்றாள்.

தண்ணீர் கொடுக்கும் மேஜையருகே சிலர் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நோயில் போனவர்களின் படங்கள். ஒன்றில் சுந்தராம்பாள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். படத்தைப் பிடித்திருந்தவன் தமிழ்வேந்தன்.

அவனும் சுந்தரியைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்து கையைத் தூக்கி ஓரடி எடுத்து வைத்தான்.

"அந்தப் பையன் ஒன்ன பாத்துத்தான் கைய காட்றான். தெரிஞ்சவனா?"

"இல்லியே" என்றாள் சுந்தரி. "வேற யாரயோ."

அவன் அவளைப் பார்த்தான், பக்கத்தில் வந்தவளையும் பார்த்தான். லட்டு எதற்கென்று அறிந்தவன். தூக்கிய கையால் தலையைக் கோதிக்கொண்டு கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

சுந்தரி நடந்தாள். அக்கா எப்போது போனாள்? கடைசியில் தன்னைக் கேட்டிருப்பாளா? போன் பண்ணாதே என்றதும் உண்மையிலேயே பண்ணாமலே போய்விட்டாளே. கொஞ்ச தூரம் போவதற்குள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் அழுகை வெடித்தது.

"ஐயய்யோ, இன்னா சம்மந்தி?"

"காலு" என்றாள் சுந்தரி. "காலு வலிக்குது."

சத்தம் கேட்டு, முன்னால் போன கீர்த்தி திரும்பி ஓடிவந்தாள். "ஏம்மா, முடியலன்னா சொல்லக் கூடாதா?" என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மோனிகா வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எங்கிருந்தோ வாங்கி வந்தாள். இந்திராணி தரையில் உட்கார்ந்து சுந்தரியின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"எந்தக் காலு?"

வலது முழங்காலைக் காட்டினாள். மருந்து ஜில்லென்று பட்டது.

"இப்ப பரவால்லியா?"

அழுகை இன்னும் முடியவில்லை. சுந்தரி இடது காலையும் நீட்டினாள்.