நாலு யூரோவுக்கு நாற்பது நிமிடச் சிறை: ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஒரு பிலிப்பினோ திருவிழா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் திருவிழாக் கூட்டம் பிடிக்காது. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நான் அங்கே போனதற்கு ஒரே காரணம் என் மனைவி சுதா.

டார்ம்ஸ்டாட்டுக்கு நாங்கள் வந்து பத்து மாதம் ஆகிறது. எனக்கு அலுவலகம் இருக்கிறது, நாலு வயது நிலாவுக்குப் பாலர் பள்ளி இருக்கிறது. சுதாவுக்கு வாரம் இரண்டு நாள் ஜெர்மன் வகுப்பும் ஜன்னலும்தான். ரொட்டிக் கடையில்கூட வாயைத் திறக்காமல் விரலால் காட்டித்தான் வாங்குவாள். ஜூலையில் ஒரு நாள், நிலாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கே போய்விடுவதாகச் சொன்னாள். சண்டையெல்லாம் இல்லை, யோசித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "ஒன் வே டிக்கெட் போதும். மாசக் கடைசிக்குள்ள போட்டுடுங்க" என்றாள். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அவளோடு வகுப்பில் படிக்கும் லீசா என்ற பிலிப்பைன்ஸ் பெண் எங்கள் மூவரையும் கூப்பிட்டாள். அவர்கள் ஊரில் பெர்யா என்று ஒரு திருவிழா உண்டு. நம்மூர்ப் பொருட்காட்சியையும் கோயில் திருவிழாக் கடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சாமியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூரில், தேவாலயத்தின் பின் மைதானத்தில் வருடம் ஒருமுறை நடத்துகிறார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மாற்றம், பிறகு பேருந்தில் பத்து நிமிடம். சனிக்கிழமை மாலையில் அந்தப் பேருந்து மணிக்கு ஒன்றுதான். திரும்புவதற்கு 8.12, அதை விட்டால் 9.12. 8.12-ஐப் பிடிப்பதென்று முடிவு செய்து, அட்டவணையை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நுழைவு பெரியவர்களுக்கு 3 யூரோ, குழந்தைகளுக்கு இலவசம்.

முதல் கடை வண்ண விளையாட்டு. ஆறு வண்ணக் கட்டங்கள், ஒவ்வொரு பக்கமும் ஒரு வண்ணம் பூசிய மூன்று பெரிய பகடைகள். காசு கொடுத்து வாங்கிய வில்லையை ஒரு வண்ணத்தில் வைத்தால், கயிற்றை இழுத்துப் பகடைகளை உருட்டுவார்கள். ஒரு யூரோ வைத்தால் சராசரியாக எட்டு சென்ட் போகும் என்று மனக்கணக்குப் போட்டுக் கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். எட்டுதானா, அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கூரைக்கு அது போதாதே, இன்னும் நாலு தரம் ஆடு என்றார். ஆடினேன். போனது.

சாப்பாடு நன்றாக இருந்தது. கரியில் சுட்ட இறைச்சிக் குச்சி 2 யூரோ. வண்ண வண்ணமாய் ஐஸ் துருவல் போட்ட ஹாலோ ஹாலோ 3 யூரோ. ஜிகர்தண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்றாள் சுதா. பிறகு லீசா ஒரு சட்டியைத் திறந்தாள். கறுப்பாக, குழம்பு மாதிரி. பன்றி ரத்தத்தில் சமைத்தது. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர்கள் மரியாதையாக இரண்டு அடி பின்னால் போனார்கள். மதுரையில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவள் சுதா. ஒரு வாய் வைத்தாள், லீசாவிடம் பச்சை மிளகாய் கேட்டாள், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். லீசா அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு கடையாக இழுத்துப்போய், இவள் என்ன சாப்பிட்டாள் தெரியுமா என்று எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

7.40-க்குக் கிளம்பலாம் என்றேன். சுதா எங்கோ போனாள். சரி, பையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். விசில் சத்தம் கேட்டது. காகிதத் தொப்பி போட்ட இரண்டு பேர் என் கையைப் பிடித்து, மைதானத்து மூலையில் இருந்த மூங்கில் கூண்டுக்குள் தள்ளினார்கள். ஒருவர் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் குற்றத்தை வாசித்தார். வந்ததிலிருந்து பேருந்து அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறார், புகார் கொடுத்தவர் மனைவி. மைதானமே சிரித்தது.

இது அவர்கள் ஊர்ப் பள்ளி விழாக்களில் வழக்கமாம். ஒரு யூரோ கொடுத்தால் யாரை வேண்டுமானாலும் பத்து நிமிடம் உள்ளே போடலாம். நான் "என்னடா இது கூத்து" என்று முனகியதும், உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தமிழோ? இருங்கோ தம்பி, இருங்கோ. நான் இதுக்குள்ள மூண்டாவது தரம்."

யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் தயா. வேன் ஓட்டுகிறார். மனைவி பிலிப்பைன்ஸ்காரர், முதியோர் இல்லத்தில் செவிலியர். பிங்கோவில் களவு செய்தார் என்று மனைவியே பிடித்துக் கொடுத்தாராம். இரண்டு யூரோ பிணை கட்டினால் வெளியே விடுவார்கள் என்று பலகையில் பார்த்ததைச் சொன்னேன்.

"கட்டலாம். ஆனா உங்கட மனுசி இன்னொரு யூரோ குடுத்தா திரும்பவும் உள்ளுக்குத்தான். அங்க பாருங்கோ, நாலு தரத்துக்கு முன்காசு கட்டிப்போட்டா. ஏலாது தம்பி, தப்ப ஏலாது."

நாலு பத்து நாற்பது. 8.20. பேருந்து போச்சு. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான். தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வண்டி மாறுவது யார்?

"உங்களுக்குக் கோவம் வரலையா அண்ணை?" என்றேன்.

"வந்தது. முதல் வருசம். அப்ப கதிரையும் தரேல்ல" என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டினார்.

அப்போதுதான் மைதானத்தின் நடுவில் பாபிடின் தொடங்கியது. மூங்கில் சட்டத்தில் மிட்டாயும் பொம்மையும் கட்டி, உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். கயிற்றைத் தளர்த்தினால் இறங்கும், பிள்ளைகள் குதிப்பார்கள், எட்டும்போது மேலே இழுத்துவிட வேண்டும். உறியடியிலிருந்து கம்பை எடுத்துவிட்டால் இதுதான். கயிற்றை யாரிடம் கொடுத்திருந்தார்கள் என்று பார்த்தேன். சுதாவிடம்.

முப்பது பிள்ளைகள், பாதி ஜெர்மன் பேசுகிறவர்கள். அவள் சட்டத்தை இறக்குகிறாள், சரக்கென்று ஏற்றுகிறாள். "நோஹ் நிஹ்ட்! நோஹ் நிஹ்ட்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அர்த்தம். ரொட்டிக் கடையில் வாய் திறக்காதவள். ஒரு பையன் கயிற்றில் தொங்கப் பார்த்தான், அவனை ஜெர்மனில் திட்டினாள். இலக்கணம் தப்பு, அவன் இறங்கிவிட்டான். நிலா இரண்டு தரம் எம்பி விழுந்து, மூன்றாம் தரம் ஒரு பிளாஸ்டிக் விசிலைப் பறித்தாள்.

8.20-க்குக் கூண்டைத் திறந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேனே என்று நானே சொன்னேன். அங்கிருந்து பார்க்க நன்றாகத் தெரிந்தது. முடிந்ததும் தயா அண்ணை தன் காரில் எங்களை ரயில் நிலையத்தில் விட்டார். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கப் போனேன், திட்டு வாங்கினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சில்லறை நிறையக் கொண்டுபோங்கள், அட்டை செல்லாது. மூன்று பேருக்கு நுழைவு, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 31 யூரோ ஆனது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள், காய்கறி ரோலில்கூடப் பன்றி இறைச்சி இருக்கும். கார் இருந்தால் காரில் போங்கள். பொறுமை இல்லாதவர்கள் தாராளமாகப் போகலாம், கூண்டில் இடம் இருக்கிறது.

டிக்கெட்டை நேற்றுத்தான் போட உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்குப் போனால் போதும், ரிட்டர்னோடு போடுங்க என்றாள் சுதா. திரும்பி வர எந்தத் தேதி போடட்டும் என்று கேட்டேன்.

"இருங்க, லீசாகிட்ட கேட்டுச் சொல்றேன்."