என் ஆய்வை என் கணவர் விளக்கிய மாலை

சேவை சங்கக் கூட்டம் என்றாலே எனக்கு வேப்பங்காய். மணியடித்துத் தொடங்குவார்கள், ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துவார்கள், பேச்சாளர் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பேர் பந்திப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். என் கணவர் அதில் உறுப்பினர். எங்களுக்கு வேலம்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறை. பனியன் துணிக்குச் சாயமேற்றிக் கொடுப்பது தொழில். நான் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஆசையாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பல்கலைக்கழக ஆராய்ச்சியைச் சந்தைக்குக் கொண்டுவருவது எப்படி என்பது தலைப்பு. சிறப்பு விருந்தினர் என் ஆய்வு வழிகாட்டி.

"உங்க மேடத்தையே கூப்பிட்டிருக்கறேன். நானும் கொஞ்ச நேரம் பேசறேன்" என்று கணவர் சொன்னபோது, பட்டறைக்காரர்களின் கஷ்டத்தைச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

என் ஆய்வு இதுதான். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்ட வேண்டும். பிறகு அந்த உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்குள் பட்டறைக்காரர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். புளியங்கொட்டைப் பசையிலிருந்து நான் ஒரு கரைசல் தயாரித்தேன். துணியை முதலில் அதில் நனைத்துவிட்டால் உப்பு கொஞ்சம் போதும். ஆய்வகத்தில் வருடக்கணக்கில் மாரடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பட்டறையின் சின்ன மெஷினில் ஓட்டிப் பார்த்துத்தான் அது கைக்கு வந்தது. மேடமும் நானும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தோம். அதுவரை வெளியே மூச்சுவிடக் கூடாது, விட்டால் உரிமை கைநழுவிப் போய்விடும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதைக் கணவரிடமும் சொன்னேன்.

"நானு யாருகிட்டப் போயிச் சொல்லப் போறேன் புள்ளை?" என்றார்.

என் படிப்பை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதும் இல்லை. அதிசயமாக, கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் சாப்பிட உட்கார்ந்தாலே கேள்விமேல் கேள்வி. "உப்பு கொட்டத் தெரியும், எதுக்குன்னு தெரியாது. எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். துணியும் சாயமும் முறைத்துக்கொண்ட சம்பந்திகள், உப்பு நடுவில் சமாதானம் பேச வந்த பெரிய மனிதர், சம்பந்திகளை முன்கூட்டியே பேசிச் சரிக்கட்டிவிட்டால் பெரிய மனிதருக்கு என்ன வேலை என்று சொன்னேன். புரையேறும்வரை சிரித்தார். மறுநாளும் சொல்லச் சொன்னார். பசையை எந்தப் பக்குவத்தில் காய்ச்ச வேண்டும், எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுப்பில் தோசை கருகுவது தெரியாமல் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்து என் மனிதருக்கு என்மேல் அக்கறை வந்துவிட்டது என்று உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

கூட்டத்தில் மேடம் நன்றாகப் பேசினார். அடுத்து கணவர் ஏறினார். பின்னால் திரையில் 'எங்கள் பட்டறையின் புதிய கண்டுபிடிப்பு' என்று விழுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"துணியும் சாயமும் மொறச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரிங்க" என்று ஆரம்பித்தார்.

மண்டபமே சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய மனிதரும் வந்தார், அதே இடத்தில், நான் நிறுத்துகிற அதே நிறுத்தலோடு. புளியங்கொட்டை வந்தது, காய்ச்சும் பக்குவம் வந்தது, எதையும் விடவில்லை. எல்லாமே 'நாங்க', 'எங்க யூனிட்'. என்னைப் பற்றிய பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் வந்தது. "என்ற ஊட்டுக்காரி ரொம்ப ஒத்துழைச்சாங்க" என்றார்.

உடனே தலைவர் என்னை மேடைக்கு அழைத்தார். ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கும் கணவருக்கு அனுசரணையாக இருக்கிற துணைவியார் என்று சொல்லி, என்னையே அவருக்குப் பொன்னாடை போர்த்த வைத்தார். போட்டோவுக்குச் சிரித்தேன். என் சொந்த ஆய்வுக்கு நான் அனுசரணையாம்! இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பந்தியில் மேடம் என்னைத் தனியாக அழைத்தார். அவர் கையில் தட்டு இல்லை.

"விண்ணப்பம் போடுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு பேசியிருந்தோமேம்மா. நீதான் எழுதிக் குடுத்து மேடை ஏத்துனியா?"

நான் பதில் சொல்வதற்குள் கணவர் இரண்டு நண்பர்களோடு வந்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு. கேள்வி அவர் காதில் விழுந்திருந்தது.

"ஊட்டுக்குள்ள அவ என்ன, நா என்னங்க மேடம்? இந்தத் தொழில்ல நூலு ஒருத்தர்து, நெய்யறது ஒருத்தரு, சாயம் போடறது நாங்க. ஆரு செஞ்சாலும் சரக்கு கம்பெனிக்காரர்துதானுங்க. மெசினு நம்முளுது, கரண்டு நம்முளுது. அவ பண்டுனா என்னுங்க, நாம் பண்டுனா என்னுங்க?"

அவர் பொய் சொல்லவில்லை, அதை நம்பித்தான் சொன்னார். கூலிக்குச் சாயமேற்றும் துணியைப் போல என் ஆய்வையும் நினைத்திருக்கிறார். திருடுகிறோம் என்று தெரிந்திருந்தால் மேடத்தை அவரே வருந்தி அழைத்திருப்பாரா? இது புரிந்ததும் கோபம் இன்னும் அதிகமானது. திருடனாக இருந்தால் குறைந்தது என்னிடமிருந்து எடுத்தோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மேடம் என் பக்கமே திரும்பினார். "நீ சொல்லும்மா" என்றார்.

ஆமாம் என்றால் மேடத்தின் பார்வையில் வாக்குத் தவறியவள் நான். பட்டமும் அவர் நம்பிக்கையும் போகும். இல்லை என்றால் நண்பர்கள் முன்னால் கணவர் தலைகுனிய வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டிவிடுவேன் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"இல்லீங்க மேடம். அவரு என்னையக் கேக்கவே இல்லீங்க" என்றேன்.

நண்பர்கள் இருவரும் ஐஸ்கிரீம் எடுக்கப் போவதுபோல நகர்ந்தார்கள். மேடம் என் தோளைத் தொட்டுவிட்டு, "இனி ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அவ்வளவு பேரும் கேட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காரில் கிளம்பினோம். நான் உள்ளுக்குள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். பாதி வழியிலேயே அவர் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"நாலு பேரு முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்டியே. உன்னையப் போயி நம்புனேன் பாரு."

நான் சொல்ல வைத்திருந்தது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். அதைக்கூட அவர் எனக்கு விட்டுவைக்கவில்லை.