பிரிஸ்கில்லா கேட்டு வாங்கிய படம்

காலை பதினொன்றே முக்காலுக்கு வேலூரிலிருந்து போன் வந்தது. எம்.ஆர்.ஐ. முடிவு தயார். போனை எடுத்தவர் என் மனைவி பிரிஸ்கில்லாவின் அண்ணன் ஜெர்சன்.

"பேஷண்ட் வர வேணாம் டாக்டர், நாங்க மட்டும் வர்றோம்" என்று அவர் தணிந்த குரலில் சொன்னது சமையலறை வரை கேட்டுவிட்டது. பிரிஸ்கில்லா கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாருண்ணா பேஷண்ட்? நீயா?"

"உனக்கு இன்னாத்துக்கும்மா பேஜாரு? நானும் மாப்ளையும் பாத்துட்டு வந்து சொல்றோம்."

"நல்லா இருந்தா சொல்லுவீங்க. இல்லாட்டி சர்ச்சுல சொல்லி ஜெபம் பண்ணுவீங்க. என்னைத் தவிர ஆம்பூருக்கே தெரியும்."

எங்கள் குடும்பங்களில் நோயாளியிடம் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் லைனில் பல வருடம் உட்கார்ந்தவளுக்கு அந்த வழக்கம் ஒத்துவரவில்லை. குடலில் வந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகும் நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மருந்து ஏற்றுவார்கள். சில மாதம் கழித்துப் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். குழாய்க்குள் படுத்திருக்கும்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள். "ஷூ ஒட்டுற சொல்யூஷன் நாத்தத்துல தெனமும் அடக்கின மூச்சுதானேடி" என்று லைன் தோழி உமைமாவிடம் சிரிப்பாள்.

அன்று மூவருமாகப் போனோம். டாக்டர் ஜெர்சனைப் பார்த்தே பேசத் தொடங்கினார். பிரிஸ்கில்லா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"டாக்டர், எங்க லைன்ல டேமேஜ் பீஸ் வந்தா, தைச்சவ கையிலதான் திருப்பிக் குடுப்பாங்க. அவ அண்ணன் கையில குடுக்க மாட்டாங்க. இது என் பீஸு. எனக்குக் காட்டுங்க."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு கட்டிகள் சுருங்கியிருந்தன. மூன்றாவது வளர்ந்திருந்தது. பக்கத்தில் புதிதாக ஒன்று. ஜெர்சன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மருந்து கேக்கல. வேற இருக்கா?"

"இருக்கும்மா. கேக்கும்னு உறுதியா சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம். ஏத்துங்க. மறுபடி படம் எடுங்க. மொதல்ல நான்தான் பாப்பேன்."

அப்படியே பார்த்தாள், ஒவ்வொரு முறையும். படங்கள் மோசமாகிக்கொண்டே போனபோது ஜெர்சன் கெஞ்சினார்: "இனிமே எதுக்கும்மா?"

"அது எங்க இருக்குன்னு தெரியாம அதுக்குப் பயப்பட மாட்டேண்ணா."

அடுத்த ஸ்கேன் புதன்கிழமை என்று குறித்திருந்தார்கள். ஞாயிறு காலை போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த ஒருவர், "பாவம், ஒண்ணும் தெரியாமலே போய்ட்டா" என்றார், ஆறுதலாகத்தான். உமைமா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எல்லாம் தெரிஞ்சுதாங்க போனா."

ஸ்கேனுக்கு முன் கல்யாண மோதிரத்தைக் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது, மெலிந்த விரலில் நிற்பதற்காக அதன் மேல் ஷூ தைக்கும் நூலைச் சுற்றுவாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம். புதன்கிழமைக்காக முன்கூட்டியே சுற்றத் தொடங்கிய நூல், என் கையிலுள்ள மோதிரத்தின் பாதியில் நிற்கிறது. முடிச்சு போடவில்லை.