ஆறாவது கப்பலை விட்டுவந்த சாலமன் சார்

சாலமன் சார் இறந்த செய்தியை ரஃபீக்தான் எனக்கு ஃபோனில் சொன்னான். ஆம்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். "சார் போய்ட்டாரு அக்கா, ஹார்ட் அட்டாக்" என்றான். நான் எதுவும் கேட்பதற்குள், முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள், நம் டிசைன் ரூம் சார்பில் நீங்கள்தான் எழுத வேண்டும், நல்லதாக நாலு வார்த்தை இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டான். செத்தவர் உடம்பு வீட்டுக்கு வருவதற்கு முன்பே மலர்க்குழு அமைத்துவிட்டார்கள்.

நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எட்டுப் பேர் பேசினார்கள். அன்பானவர், அடக்கமானவர், யாரையும் கைவிடாதவர். மூன்றாவதைச் சொன்னவர் எங்கள் பழைய மேனேஜர். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுதச் சொல்லிவிட்டீர்கள், எனவே உள்ளதை எழுதுகிறேன். அச்சில் போடுவதும் விடுவதும் குழுவின் இஷ்டம்.

பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்த ஷூ ஃபாக்டரியின் டிசைன் ரூமில் நாங்கள் நாலு பேர். சாலமன் சார் செக்‌ஷன் தலைவர். ரஃபீக்கும் நானும் கம்ப்யூட்டரில் ஷூவின் தோல் துண்டுகளுக்கு அளவு வரைவோம். நாங்கள் வரைந்து எடுக்கும் தாளை வைத்து அட்டை அச்சு வெட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது முனிரத்தினம். அவர் பதினைந்து வருஷம் தோல் வெட்டும் மேசையில் நின்றுவிட்டு அறைக்குள் வந்தவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். எதையும் இரண்டு முறை பார்ப்பார், மூன்றாவது முறை யோசிப்பார். அதனால் அவருக்கு எங்கள் அறையில் 'ஸ்லோ மோஷன்' என்று பெயர். வைத்தவர் சாலமன் சார்.

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் ரஃபீக் சென்னையிலிருந்து ஒரு திருட்டு சி.டி. வாங்கிவந்தான். விண்வெளிப் போர் விளையாட்டு. நம்மிடம் ஒரு தாய்க்கப்பல் இருக்கும். சுற்றியுள்ள பாறைகளில் தாது தோண்டி, அதைக் கொண்டு சண்டைக் கப்பல்கள் செய்து, ஒவ்வொரு மிஷனிலும் சொன்ன வேலையை முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்திச் சேமித்துவைக்க அதில் வழி கிடையாது. முடித்தால் அடுத்த மிஷன், தோற்றால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் சாப்பாட்டு நேரம் அரை மணி. ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு மீதி நேரம் பிரபஞ்சத்தைக் காப்பாற்றுவோம்.

ரஃபீக் விளையாடுவது பார்க்கச் சகிக்காது. கையில் தாது சேர்ந்த உடனே இருப்பதிலேயே பெரிய கப்பலைச் செய்வான். அதைச் செய்து முடிப்பதற்குள் எதிரி வந்து தாய்க்கப்பலையே உடைத்துவிட்டுப் போயிருப்பான். நான் பயந்தாங்கொள்ளி, தாய்க்கப்பலைச் சுற்றிக் காவல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் இருவரையும் பார்த்துச் சாலமன் சார் உதட்டைச் சுழிப்பார். "மொத அஞ்சு நிமிஷம் எவனும் சண்டைக்குப் போகக் கூடாது. தோண்டு, தோண்டு, தோண்டிக்கினே இரு" என்பார். அவர் சொன்னதில் இது ஒன்று அவருடைய சொந்தச் சரக்கு, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது மிஷனையும் ஐந்தாவது மிஷனையும் இதை வைத்துத்தான் தாண்டினோம்.

ஒன்பதாவது மிஷனில் அவர் பருப்பு வேகவில்லை. எதிரி நிலையத்தைச் சுற்றிப் பீரங்கி மேடைகள் இருக்கும். அருகே போகிறவரை அவை கண்ணுக்குத் தெரியாது, போன பிறகு தெரிந்து பயனில்லை. இரண்டு வாரம் தினமும் தோற்றோம். சாலமன் சார் விளையாட்டையே திட்ட ஆரம்பித்துவிட்டார், செய்தவனுக்கு அறிவில்லையாம். அப்போதுதான் முனிரத்தினம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "தோலு விரிச்சா மொதல்ல ஓட்டைய, கீறல மார்க் பண்ணுவோம் சார். அப்புறந்தான் அச்ச வெப்போம். நீங்க அச்ச வெச்சிட்டு ஓட்டையத் தேடிக்கினு கீறீங்க." சாலமன் சார் சிரித்தார். ஸ்லோ மோஷன் விண்வெளிக்குப் புறப்பட்டுவிட்டார் என்றார். நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் சாலமன் சார் அதையே செய்தார். ஆயுதம் இல்லாத ஒரே ஒரு வேவுக்கப்பலை நிலையத்தைச் சுற்றி அனுப்பினார். அது கண்ட மேடைகள், அது நகர்ந்ததும் இருட்டில் மறைந்துபோகும். மறைவதற்குள், தோலில் குறி போடும் சில்வர் பேனாவை எடுத்து மானிட்டர் கண்ணாடியிலேயே புள்ளி வைத்தார். எங்கள் வரைபடங்களில் திருத்தம் சொல்லும்போதும் அவர் அப்படித்தான் கண்ணாடியில் குறிப்பார், அது அவர் பழக்கம். பதினோரு புள்ளி விழுந்தது. அதன் பிறகு இடைவெளி பார்த்துப் படையைக் கொண்டுபோய், மணி அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போதே நிலையத்தை முடித்துவிட்டார். அன்றிலிருந்து அதற்குச் 'சாலமன் சார் முறை' என்று பெயர். கல்லறையில் ஒருவர் அவருடைய திட்டமிடும் திறமையைப் புகழ்ந்தபோது இந்த ஒன்பதாவது மிஷனைத்தான் சொன்னார். ரஃபீக் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

பதினான்காவது மிஷன்தான் அவர் புகழின் உச்சி. ஆறு சரக்குக் கப்பல்களை எதிரிப் பகுதி வழியே மறுபக்கம் கொண்டுசேர்க்க வேண்டும். ஐந்து வந்துசேர்ந்தாலே வெற்றி. ஆறாவது பழைய தாதுக்கப்பல், நகர்வதற்கே நேரமெடுக்கும். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருந்தால் எதிரி எல்லாவற்றையும் சூழ்ந்துகொள்வான். சாலமன் சார் இரண்டே நாளில் வழி கண்டுபிடித்தார். ஆறாவதை வாயு மேகத்தின் ஓரத்தில் தனியே நிறுத்திவிடுவார். எதிரிகள் மொத்தமாக அதன்மேல் விழுவார்கள். அது உடைந்து எரிகிற நேரத்தில் ஐந்தும் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். ஆறையும் கொண்டுபோக முடியாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அஞ்சு போதும்னு அவனே சொல்றான். ஆறாவதுக்கு நீ ஏன் சிஸ்டர் பேஜார் ஆவுற?" என்றார்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மானிட்டரில் வைத்த புள்ளிகளைத் துடைக்கும்போது ஒன்று துணியில் அகப்படாமல் கண்ணாடியில் தங்கிவிட்டது. பிற்பகல் நான் ஒரு ஷூவின் முன்பகுதித் துண்டின் வரைபடத்தைத் திறந்தேன். புள்ளி சரியாக அதன் விளிம்பில் இருந்தது. ஷூ கயிற்றுக்கு அடியில் வரும் நாக்கு எங்கே பொருந்த வேண்டும் என்று தையல்காரருக்குக் காட்டும் சின்ன வெட்டு ஒன்று உண்டு, நாட்ச் என்போம். அதை இடம் மாற்றச் சொல்லி சார் குறித்திருக்கிறார் என்று நினைத்து மாற்றிவிட்டேன். எதிரியின் பீரங்கி மேடையைக் கொண்டுபோய் ஷூவில் வைத்தவள் நான்தான்.

மறுநாள் பதினான்காவது மிஷன் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது கப்பல் எரிய ஆரம்பித்திருந்தது. முனிரத்தினம் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "நாட்ச் எடம் மாறிக் கீதே சார், ஒரு தபா பாருங்க" என்றார். சாலமன் சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் மார்க் பண்ணேன். சைன் போட்டு அனுப்பு, போ" என்றார். அது என் காதிலும் விழுந்தது, ரஃபீக் காதிலும் விழுந்தது. முனிரத்தினம் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார். ஐந்து கப்பலும் தப்பியதற்கு நாங்கள் கைதட்டினோம்.

மூன்று நாள் தைத்த அத்தனையிலும் நாக்கு கோணலாக உட்கார்ந்திருந்தது. வாங்க வந்திருந்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒரு ஜோடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டான், அவ்வளவுதான். மேனேஜர் எங்கள் நாலு பேரையும் அறையில் நிற்கவைத்தார். அட்டையில் இருந்தது முனிரத்தினத்தின் கையெழுத்து. அவர், சாரைக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்றார். மேனேஜர் சாலமன் சாரைப் பார்த்தார். "எங்கிட்ட வரவே இல்ல சார்" என்றார் சாலமன் சார், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். ரஃபீக், தான் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னான். பிறகு என் முறை வந்தது. எனக்கு அப்போது ஏழாம் மாதம், அடுத்த மாதம் பிரசவ விடுப்பில் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் விளையாட்டைச் சொல்ல வேண்டும், புள்ளியைச் சொல்ல வேண்டும், நாட்சை மாற்றிய கையைச் சொல்ல வேண்டும்.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். அவர் எதையும் மெதுவாகப் பார்க்கிறவர் என்று சொன்னேனே, அப்படிப் பார்த்தார். அன்று மாலையே அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பேரணாம்பட்டில் கையுறை தைக்கும் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். சாலமன் சார் அடுத்த வருஷம் ராணிப்பேட்டையில் பெரிய வேலைக்குப் போனார். வழியனுப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது யார் என்று ரஃபீக்குக்கு நினைவிருக்கும். நான்தான்.

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு அந்த விளையாட்டை ரஃபீக்கிடம் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சமையலை முடித்துவிட்டு, பதினான்காவது மிஷனை மட்டும் விளையாடுவேன். மாதக்கணக்கில் தோற்றேன். கடைசியில் வழி பிடிபட்டது. வேவுக்கப்பலை அனுப்பி எதிரி இருக்கும் இடங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து கப்பல்களின் வேகத்தையும் ஆறாவதன் வேகத்துக்குக் குறைத்துவிட வேண்டும். பாறை மண்டலத்தின் நிழலிலேயே கொஞ்சம் நகர்ந்து, நின்று, எதிரியின் ரோந்து கடந்ததும் மறுபடி நகர வேண்டும். சண்டையே கிடையாது, பொறுமைதான். அப்படிப் போய் ஒரு ஞாயிறு பிற்பகல் ஆறும் கரை சேர்ந்தன. தாதுக்கப்பல் கடைசியாக உள்ளே நுழைந்தபோது நான் அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

உடனே சாலமன் சாருக்கு ஃபோன் செய்தேன். அவர் வெட்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வேறு காரணம் இல்லை. ஆறையும் கொண்டுபோய்விட்டேன் சார், வழி இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"தெரியும் சிஸ்டர். எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு மணி நேரம் ஆவும். நமக்கு லன்ச்சு அரை மணி தானே?"

நான் முனிரத்தினத்தின் பெயரைச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார், நன்றாகப் போகிறது என்றேன். அதற்குப் பிறகு அவரிடம் நான் பேசவில்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபத்தை அந்த ஒரு பதில் வெறும் இளக்காரமாக மாற்றிவிட்டது. வேறு வழியில்லாமல் கைவிட்டவரை மன்னிக்கலாம். வழி தெரிந்தும் மணி அடித்துவிடுமே என்று கைவிட்டவரை என்ன செய்வது?

அடக்கத்துக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முனிரத்தினத்துக்கு யாராவது சொன்னீர்களா என்று கேட்டேன். யாரிடமும் அவர் நம்பர் இல்லை. எனக்கு அவர் வேலை செய்யும் இடம் தெரியும் என்பதை நானும் அப்போது சொல்லவில்லை.

சாலமன் சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது என்ன என்று இந்த மலரின் வழக்கப்படி நான் எழுதி முடிக்க வேண்டும். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் போனதில்லை. ஏன் என்று என்னை நானே கேட்கும்போதெல்லாம், நேரமே கிடைக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.