அஸ்னிவ் அக்காவால் திறக்க முடியாத கோப்பு

பழைய கோப்பு எதுவானாலும் அஸ்னிவ் அக்காவிடம் கொண்டுபோனால் திறந்துவிடும் என்பது ஆர்மீனியர் பேட்டையான புர்ஜ் ஹம்மூதில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அக்காவே சொல்லிவிடுவார். மிளகாய்த்தூள் கடைக்கு மேலே ஒற்றை அறை, நாலைந்து கிழட்டுக் கணினிகள், ஒரு தடித்த நோட்டு. தொழிலின் உயிர் அந்த நோட்டில்தான் இருந்தது.

தொண்ணூறுகளில் வந்த கணினிகளுக்கு ஆர்மீனிய எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு அச்சகமும் தானே எழுத்து வரைந்து, ஆங்கில எழுத்துகளுக்குச் சட்டையாக மாட்டிவிட்டது. எதற்கு எந்தச் சட்டை என்பதில் இரண்டு அச்சகங்கள் ஒத்துப்போயிருந்தால் அது புர்ஜ் ஹம்மூதே அல்ல. இன்றைய கணினியில் திறந்தால் சட்டை கழன்று வெறும் கிறுக்கல்தான் வரும். யாருடைய சட்டை எது என்பதெல்லாம் அக்காவின் நோட்டில் உண்டு, ஒருவருடையதைத் தவிர.

அந்த ஒருவர் பெர்ஜ். முன்பு ஒரே அச்சகத்தில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி. ஒலிக்குப் பொருத்தமான ஆங்கில விசையில் எழுத்தை வைக்க வேண்டும் என்றார் அக்கா. பழைய தட்டச்சுப் பொறியில் இருந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றார் பெர்ஜ். ஒருநாள் எல்லார் முன்னாலும், "அது சோம்பேறிங்களுக்குச் செஞ்ச முறை" என்று சொல்லியும்விட்டார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அவர் வரும் நடைபாதையில் அக்கா நடப்பதில்லை.

அப்படியிருக்க, எழுபத்தெட்டு வயது நாடகக்காரர் மிஹ்ரான் ஒரு பிளாப்பியோடு வந்து உட்கார்ந்தார். முப்பது வருடத்துக்கு முன் எழுதிய நகைச்சுவை நாடகம். மேடையேறவே இல்லை. காகிதப் பிரதியும் மிஞ்சவில்லை. இப்போதுதான் பள்ளி அரங்கம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ஒத்திகை.

"திறந்துடும்ல, அம்மாடி?"

"என்ன கேள்வி ஐயா இது? யார் அடிச்சுக் கொடுத்தது?"

"பெர்ஜ்தான்."

அக்கா காப்பியைக் கீழே வைத்தார்.

இரண்டு நாள் ஊகித்தே ஓட்டிப் பார்த்தார். நடுவில் ஜெனரேட்டர் வேறு காலை வாரியது. பாதி வந்தது. நாயகன் காதலைச் சொல்லும் இடமெல்லாம் நட்சத்திரமும் சதவீதக் குறியுமாக நின்றது.

வெள்ளிக்கிழமை மிஹ்ரான் தொலைபேசியில், "முடியலேன்னா சொல்லிடும்மா, அரங்கத்தை விட்டுடறேன். அடுத்த வருஷம் நான் இருக்கணுமே..." என்று இழுத்தார். அக்கா அரை டஜன் லஹ்மஜூன் இறைச்சி ரொட்டியைச் சுடச்சுட வாங்கிக்கொண்டு பெர்ஜ் வீட்டுப் படியேறினார்.

"யாரது, மகாராணியா? வழி தவறிட்டீங்களா?" கேட்டுக்கொண்டே மேசைக்கு ஓடிய பெர்ஜ், விசைப்பலகையின் மேல் அவசரமாகச் செய்தித்தாளை விரித்தார்.

"உன்னோட பழைய எழுத்துரு வேணும்."

"என் முறை பழசா?"

"சரிப்பா. உன்னோட அருமையான எழுத்துரு."

"அது ஹார்டு டிஸ்க்கோட போச்சு. ஆனா விரல்ல இருக்கு."

"அப்ப அடிச்சுக் காட்டுய்யா. இந்தத் தாளை எடு."

"வேணாம் வேணாம், தூசி விழும்!"

செய்தித்தாளின் மேலேயே கண்ணை மூடிக்கொண்டு தட்டினார் பெர்ஜ். அக்கா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, அவர் விரல் போய் நின்ற இடத்தில் பேனாவால் குறித்துக்கொண்டார். முப்பத்தெட்டு எழுத்துக்கும் விரல் தடுமாறவில்லை. அக்காவுக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

தாளை மடிக்க எடுத்தபோதுதான் பார்த்தார். விசைகளின் மேல் ஆர்மீனிய எழுத்து ஒட்டியிருந்தது, ஒவ்வொன்றும் அந்தக் காலத்தில் அக்கா வாதாடிய மாதிரியே ஒலிக்குப் பொருத்தமான விசையில். புதிதாக ஒட்டியதும் அல்ல. ஓரமெல்லாம் தேய்ந்து மஞ்சளாகியிருந்தது.

பெர்ஜ் ஜன்னலைப் பார்த்தார். "ஸ்டிக்கர் மலிவா கிடைச்சுது."

"இருக்கும். சோம்பேறிங்களுக்கு வசதிதான். லஹ்மஜூன் ஆறுது பாரு, சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாயகன் தங்குதடையில்லாமல் காதலைச் சொன்னான். அச்சடித்த பிரதியை இரண்டு கையாலும் வாங்கிய மிஹ்ரான், "எப்படிம்மா திறந்தே?" என்று கேட்டார்.

"எல்லாம் என் நோட்டுல இருக்கு, ஐயா."

பொய்யில்லை. அந்தச் செய்தித்தாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. மேலே 'பெர்ஜின் அருமையான எழுத்துரு' என்று தலைப்பு. ஸ்டிக்கர் விஷயத்தை அக்கா ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை, சரியாக இரண்டு வாரத்துக்கு.